பித்தப்பைக் கல் வலிக்கு வயிற்றுப்பிடிப்பு மாத்திரை போட்டுக்கொண்டே காலம் தள்ளலாமா?

வாசல்திண்ணை:
வணக்கம். வலது விலா எலும்புக்குக் கீழே அவ்வப்போது வலி வருகிறது. கொழுப்பு தூக்கலாகச் சாப்பிட்ட இரவுகளில்தான் பெரும்பாலும். ஆரம்பித்தால் ஒன்றிரண்டு மணி நேரம் விடாமல் நிற்கும். முதுகுப் பக்கமாக வலது தோள்பட்டை வரை போகும். அப்புறம் அடங்கிவிடும். ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் என்று வந்தது. அறுவை மருத்துவரைப் பார்க்கச் சொல்லி, அதுவரை வலி வந்தால் போட ட்ரோடாவெரின் எழுதித் தந்தார்கள். போட்டால் கேட்கிறது. கேட்கிறபோது அறுவை எதற்கு என்று தோன்றுகிறது.

இன்னொன்று. என் நண்பர் குடல் எரிச்சல் நோய்க்கு (அதான் ஐபிஎஸ்) மெபெவெரின் எடுக்கிறார். "எல்லாம் பிடிப்பு மாத்திரைதான், தீர்ந்துபோனால் என்னுடையதைப் போட்டுக்கொள்" என்கிறார். இரண்டும் ஒன்றா? தொடர்ந்து போட்டால் கல் கரையுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
நான் மருந்தாளர். கடைசிக் கேள்விக்கு முதலில்: கரையாது. இந்த வகையில் எந்த மாத்திரையும் கல்லைத் தொடாது. கரைக்கவென்று இருப்பது உர்சோடிஆக்சிகோலிக் அமிலம். அதுவும் சுண்ணாம்பு ஏறாத சின்ன கொலஸ்டிரால் கற்களுக்கு, பித்தப்பை ஒழுங்காக வேலை செய்தால் மட்டுமே. மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் எடுக்க வேண்டும். நிறுத்தினால் பலருக்குக் கல் திரும்ப வந்துவிடும்.

இரண்டும் ஒன்றா என்றால், இல்லை. குடல், பித்தநாளம், சிறுநீர்க்குழாய் எல்லாவற்றின் சுவரிலும் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத மென்தசை இருக்கிறது. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதித்தூதன் வருகிறது, தசையில் அதை வாங்கிக்கொள்ளும் மஸ்கரினிக் ஏற்பியில் உட்காருகிறது, செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, தசை சுருங்குகிறது. இந்த வழியில் எங்கே கையை வைக்கிறது என்பதில்தான் மருந்துகள் பிரிகின்றன. டைசைக்ளோமின், ஹயோசின் பியூட்டைல்புரோமைடு இரண்டும் முக்கியமாக ஏற்பியிலேயே தடுப்பவை. பினவேரியம், ஒட்டிலோனியம் கால்சியம் நுழையும் வழியை அடைப்பவை. மெபெவெரினும் ட்ரோடாவெரினும் நரம்பை விட்டுவிட்டு நேராகத் தசையில் வேலை செய்பவை.

ட்ரோடாவெரினின் மூதாதை பப்பாவெரின். அதை 1848-இல் கியோர்க் மெர்க் அபினிலிருந்து பிரித்தெடுத்தார். அபினிலிருந்து வந்தாலும் அது போதை தருவதில்லை, தசையைத் தளர்த்தும். அதன் அமைப்பைக் கொஞ்சம் மாற்றி 1960-களில் ஹங்கேரியில் உருவாக்கியதுதான் ட்ரோடாவெரின். செல்லுக்குள் பாஸ்போடைஎஸ்டரேஸ் 4 என்ற நொதியைத் தடுக்கிறது. ஏற்பியைத் தடுக்கிற மருந்துகளில் வரும் வாய் வறட்சி, கண் மங்கல் போன்றவை இதில் குறைவு. ஆனால் ரத்த அழுத்தம் இறங்கலாம், தலை சுற்றலாம். கடுமையான இதய, கல்லீரல், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தருவதில்லை. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் பலனைக் குறைக்கும்.

மெபெவெரின் பெருங்குடல் பிடிப்புக்கானது. பித்தப்பை வலிக்குத் தருவது வழக்கமில்லை. நண்பரின் அன்புக்கு நன்றி சொல்லி மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரவுப்பணி:
அவசரப் பிரிவில் செவிலியர். வாசல்திண்ணை சொல்வது அப்படியே பாடப்புத்தகத்துப் பித்தப்பை வலி.

இந்த வலியைப் பிடிப்பு வலி என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். பிடிப்பு வலி அலை அலையாக வரும், ஏறும், இறங்கும். குடல் வலியும் சிறுநீரகக் கல் வலியும் பெரும்பாலும் அப்படி. பித்தப்பை வலி ஏறி ஒரு மட்டத்தில் நின்றுவிடும். காரணம் இதுதான்: கொழுப்பு குடலுக்குள் வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, பித்தப்பையைச் சுருங்கச் சொல்கிறது. அந்த நேரம் ஒரு கல் கழுத்துப் பகுதியில் வந்து அடைத்துக்கொண்டால் பித்தம் வெளியே போக வழியில்லை. உள்ளே அழுத்தம் கூடிச் சுவர் விரிகிறது. விரிந்த சுவர் அழற்சியைத் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள்களைச் சுரக்கிறது, அவை மேலும் நீரைச் சுரக்க வைத்து அழுத்தத்தை இன்னும் ஏற்றுகின்றன. கல் நழுவிப் பின்னால் விழுந்தால் வலி அடங்குகிறது.

ஆக, சுருக்கம் கதையில் ஒரு பாதிதான். மற்றப் பாதி அழற்சியை நோக்கிப் போகிற வேதியியல். அதனால்தான் நாங்கள் பித்தப்பை வலியோடு வருபவருக்கு, வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு போன்ற தடை எதுவும் இல்லையென்றால், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி எதிர்ப்பு வலிநிவாரணியைத்தான் முதலில் எடுக்கிறோம். அது புராஸ்டாகிளாண்டினைக் குறைக்கிறது. இரண்டு வகையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த கோக்ரேன் மதிப்பாய்விலும் வலியை அடக்குவதில் இந்த வலிநிவாரணிகள்தான் பிடிப்பு மருந்துகளை முந்தின.

ட்ரோடாவெரின் வீண் என்று சொல்லவில்லை. அது கேட்பதை வைத்து நோயும் அடங்கிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள் என்கிறேன்.

சந்தேகப்பேர்வழி:
கேட்கிறது, கேட்கிறது என்கிறீர்களே, எப்படித் தெரியும்? அவரே சொல்கிறார், ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாக அடங்குகிற வலி என்று. வலி வந்து பொறுத்துப் பார்த்து, முடியாமல் மாத்திரை தேடி விழுங்கி, அது வேலை செய்ய அரை மணி, முக்கால் மணி. அதற்குள் கல்லே நழுவியிருக்கும். பெயர் மாத்திரைக்கு.

ஐபிஎஸ்ஸிலும் இதே கதை. வெற்று மாத்திரை கொடுத்தாலே பத்தில் மூன்று நான்கு பேர் 'தேவலை' என்கிறார்கள். அமெரிக்க இரைப்பைக்குடலியல் கல்லூரி 2021 வழிகாட்டுதலில் பிடிப்பு மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை என்றே எழுதிவிட்டது. அப்புறம் என்ன?

பாதிப்பசி:
ஐயா, நான் ஐபிஎஸ்காரி. வெற்று மாத்திரையாகவே இருந்தாலும் எனக்கு வெளியே போய்வர முடிகிறது, அது போதும் :)

ஆனால் ஒன்று சொல்கிறேன். பல பேர் மெபெவெரினைத் தப்பான நேரத்தில் போட்டுவிட்டு 'பலனில்லை' என்கிறார்கள். 135 மில்லிகிராம் மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்னால். சாப்பிட்டதும் குடல் சுருங்கத் தொடங்கும், அதற்குள் மருந்து அங்கே இருக்க வேண்டும். வலி உச்சிக்குப் போன பிறகு விழுங்குவதில் அர்த்தம் குறைவு. மெதுவாகக் கரைகிற 200 மில்லிகிராம் வகையை மெல்லவோ உடைக்கவோ கூடாது.

முன்பு டைசைக்ளோமின் எடுத்தேன். வலி குறைந்தது, மலச்சிக்கல் இரண்டு மடங்கானது. எனக்கு ஏற்கெனவே மலச்சிக்கல் வகை ஐபிஎஸ். குடலை மந்தமாக்குகிற மருந்தை மந்தமான குடலுக்கே கொடுத்தால் வேறு என்ன நடக்கும்? மாற்றிக் கேட்டு வாங்கினேன்.

மாத்திரைப்பெட்டி:
சந்தேகப்பேர்வழி, நல்ல கேள்வி, ஆனால் அரை மேற்கோள். அந்த 2021 அறிக்கை சொன்னது அமெரிக்காவில் கிடைக்கிற பிடிப்பு மருந்துகளைப் பற்றி. அங்கே மெபெவெரின், ட்ரோடாவெரின், ஒட்டிலோனியம் எதுவும் விற்பனையில் இல்லை. இருப்பவை டைசைக்ளோமின், ஹயோசயமின் மாதிரியான பழைய மருந்துகள். அவற்றின் ஆய்வுகள் பல பத்தாண்டுகளுக்கு முன்பு சின்னக் குழுக்களை வைத்துச் செய்யப்பட்டவை. அதே அறிக்கை புதினா எண்ணெயை ஏற்றுக்கொள்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே 2021-இல் பிரிட்டன் இரைப்பைக்குடலியல் சங்கம் சில பிடிப்பு மருந்துகள் பயன்படலாம் என்றது. 2022-இல் அமெரிக்காவின் இன்னொரு அமைப்பான இரைப்பைக்குடலியல் சங்கமும் பயன்படுத்தலாம் என்றே சொன்னது. மூன்று பேரும் கிட்டத்தட்ட அதே பலவீனமான ஆதாரத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் 'ஆதாரம் போதாது, வேண்டாம்' என்றார், மற்றவர்கள் 'ஆபத்து குறைவு, முயன்று பார்க்கலாம்' என்றார்கள். என் சாய்வு இரண்டாவது பக்கம். மூன்று நான்கு வாரம் எடுத்துப் பார்த்து மாற்றமில்லை என்றால் நிறுத்துகிற ஒழுக்கம் இருந்தால் மட்டும்.

சந்தேகப்பேர்வழி:
நிறுத்துகிற ஒழுக்கம் யாருக்கு இருக்கிறது? சரி, ஆதாரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். வாசல்திண்ணை விஷயத்தில் என் கருத்து மாறவில்லை.

கல்போனவன்:
பித்தப்பையை எடுத்த பிறகும் எனக்கு அதே இடத்தில் வலி வந்தது. நாளத்தில் கல் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. கல்லீரல் பரிசோதனை சரி. நாள அகலமும் சரி. 'ஒட்டி சுருக்குத்தசை' என்று ஒன்று இருக்கிறதாமே, அது இறுகினால் இப்படி வரும் என்றும், அதை உள்நோக்கி (வாய்வழியாக விடும் கேமராக் குழாய், எண்டோஸ்கோப்) வழியாக வெட்டிவிட்டால் தீரும் என்றும் ஒருவர் சொன்னார். இன்னொருவர் வேண்டவே வேண்டாம் என்றார். இங்கே யாருக்காவது இதில் அனுபவம் உண்டா?

மாத்திரைப்பெட்டி:
பித்தநாளமும் கணைய நாளமும் சிறுகுடலில் திறக்கிற இடத்தில் இருக்கிற வளையத் தசை அது. இத்தாலியில் மருத்துவ மாணவராக இருந்தபோதே ருஜ்ஜேரோ ஒட்டி 1887-இல் அதை விவரித்தார், அவர் பெயரே நின்றுவிட்டது.

வெட்டுவது பற்றி: எபிசாட் என்ற ஆய்வு 2014-இல் வெளியானது. உங்களைப் போலவே பித்தப்பை எடுத்த பிறகும் வலி தொடர்ந்து, ரத்தப் பரிசோதனையும் நாள அகலமும் பெரிதாக மாறாதிருந்த 214 பேர். சிலருக்குத் தசையை வெட்டினார்கள், சிலருக்கு வெட்டுவதுபோல் எல்லாம் செய்து வெட்டாமல் விட்டார்கள். வெட்டாதவர்களில் 37 சதவீதம் பேருக்கு நல்ல பலன், வெட்டியவர்களில் 23 சதவீதம். வலி மட்டும் இருந்து பரிசோதனைகள் சரியாக இருப்பவர்களை முன்பு இந்தத் தசைக் கோளாறின் 'மூன்றாம் வகை' என்பார்கள். அதற்குப் பிறகுதான் 2016-இல் வந்த ரோம் 4 என்ற குடல் கோளாறு வரையறைகளில் அந்த வகை கைவிடப்பட்டது. அந்த உள்நோக்கிச் சிகிச்சைக்கே கணைய அழற்சியை வரவைக்கும் ஆபத்து உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். நாளம் விரிந்திருக்கிறது, வலியின்போது கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன என்றால் அது வேறு நிலை, அங்கே வெட்டுவதற்குப் பொருள் இருக்கலாம். உங்களுக்கு இரண்டும் இல்லை என்கிறீர்கள். வேண்டாம் என்றவர் பக்கம்தான் எடை அதிகம்.

இப்படியானவர்களுக்கு ஹயோசின், நிஃபெடிபின், நைட்ரேட் என்று பலதும் முயன்றிருக்கிறார்கள். சிலருக்கு உதவும், உறுதியாகச் சொல்லும்படி ஆதாரம் இல்லை. ஹைமெக்ரோமோன் என்று ஒன்று இந்தச் சுருக்குத்தசையைத் தளர்த்தவென்றே சில நாடுகளில் தருகிறார்கள். நாளம் முழுதாக அடைபட்டிருந்தால் அதைத் தரக்கூடாது.

இரவுப்பணி:
கல்போனவன், ஒரு சின்னக் குறிப்பு. வலிக்கு ஏதாவது ஓபியம் வகை மாத்திரை எடுக்கிறீர்களா? இருமல் மருந்தில் இருக்கிற கோடீன்கூட அந்தச் சுருக்குத்தசையை இறுக்கும். பித்தப்பை எடுத்தவர்களுக்குக் கோடீன் போட்டதும் மேல்வயிறு பிடித்துக்கொள்வதை நாங்கள் பார்ப்பது உண்டு.

கல்போனவன்:
முதுகு வலிக்கு கோடீன் கலந்த மாத்திரை வீட்டில் இருக்கிறது. எப்போதெல்லாம் போட்டேன் என்று யோசிக்க வேண்டும். இதை யாரும் கேட்கவே இல்லை. நன்றி அக்கா.

பிஞ்சுவிரல்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் குழந்தைக்கு மூன்று மாதம். மாலையானால் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழுகிறது. வயிற்றுப் பிடிப்பு என்கிறார்கள். வீட்டில் பெரிய பையனுக்கு முன்பு வாங்கிய டைசைக்ளோமின் சொட்டு மருந்து பாக்கி இருக்கிறது. எத்தனை சொட்டு தரலாம்?

மாத்திரைப்பெட்டி:
ஒரு சொட்டும் தராதீர்கள். ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கு டைசைக்ளோமின் தடை செய்யப்பட்ட மருந்து. மூச்சுத்திணறல், மூச்சு நின்றுபோதல், வலிப்பு, மயக்கம் எல்லாம் பதிவாகியிருக்கின்றன, இறப்புகளும் உண்டு. தாய்ப்பாலிலும் போகும் என்பதால் பாலூட்டும் அம்மாவும் எடுக்கக்கூடாது. அந்தப் புட்டியை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இரவுப்பணி:
பிஞ்சுவிரல், பயப்படாதீர்கள், பால் குடித்து எடை ஏறுகிற குழந்தையின் மாலை அழுகை மூன்று நான்கு மாத வயதில் தானாகவே குறைந்துவிடும். தூக்கி வைத்துக்கொள்வது, ஏப்பம் விடவைப்பது, இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான். காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், பால் குடிக்க மறுப்பது, வயிறு உப்பி இறுகுவது இதில் ஒன்று இருந்தாலும் உடனே குழந்தை மருத்துவரிடம்.

பிஞ்சுவிரல்:
கொட்டிவிட்டேன். எடை நன்றாக ஏறுகிறது, வேறு எதுவும் இல்லை. நன்றி.

மூத்தமகன்:
அப்பாவுக்கு 74 வயது. புராஸ்டேட் வீக்கம், கண்ணில் அழுத்தம் இரண்டும் உண்டு. வயிற்றுவலிக்கு ஹயோசின் போட்டுக்கொள்கிறார், 'அது கடையிலேயே தருகிற மருந்து, சாது' என்கிறார். சாதுவா?

மாத்திரைப்பெட்டி:
ஓரளவு சாதுதான், ஆனால் உங்கள் அப்பாவுக்கு இல்லை. ஹயோசின் பியூட்டைல்புரோமைடு மின்னேற்றம் கொண்ட மூலக்கூறு. குடல் சுவரைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, மூளைக்குள் போவது கிட்டத்தட்ட இல்லை. குடலில் நின்றபடியே வேலை செய்துவிட்டுப் போகிறது. டைசைக்ளோமின் அப்படியில்லை, மூளைக்குள் போகும், வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கொண்டுவரும்.

ஆனாலும் சிறுநீர் அடைபடுவதும், குறுகிய கோண க்ளாக்கோமாவில் கண் அழுத்தம் திடீரென ஏறுவதும் இந்த மருந்துக் குடும்பத்துக்கே உரிய ஆபத்துகள். அவருக்கு இரண்டு கதவும் ஏற்கெனவே பாதி திறந்திருக்கிறது. அவர் எடுக்கிற மற்றவற்றையும் பாருங்கள். சளி மாத்திரை, பழைய வகை அலர்ஜி மாத்திரை, அமிட்ரிப்டிலின், சிறுநீர்ப்பை மருந்து எல்லாமே இதே வழியில் அடிப்பவை, ஒன்றோடொன்று கூடும். மயஸ்தீனியா கிராவிஸ் (தசைகள் பலமிழக்கும் நோய்) உள்ளவர்கள் தொடவே கூடாது.

பெயரையும் கவனியுங்கள். பயணக் குமட்டலுக்குத் தரும் ஹயோசின் ஹைட்ரோபுரோமைடு வேறு மருந்து, அது மூளைக்குள் போகும்.

இரவுப்பணி:
ஊசியாகப் போட்டால் 'சாது' என்கிற பேச்சே இல்லை, நேராக ரத்தத்தில் கலக்கிறது. நாடித்துடிப்பு ஏறும். இதய நோய் உள்ளவர்களுக்கு ஹயோசின் ஊசி போடுவதில் எச்சரிக்கை தேவை என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் தனியாகவே அறிவித்தது. உள்நோக்கிப் பரிசோதனைக்கு முன்பு குடல் அசைவை நிறுத்த இதைப் போடுவார்கள். அப்போது இதய நோய், க்ளாக்கோமா இருந்தால் நீங்களாகவே வாயைத் திறந்து சொல்லுங்கள். ஊசிக்குப் பின் கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கினால் அன்றே கண் மருத்துவர்.

சந்தேகப்பேர்வழி:
நான் எதிர்பார்த்ததை யாரும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். கூட்டு மாத்திரைகள்! பிடிப்பு மாத்திரை என்று கேட்டு வாங்குகிறீர்கள், அட்டையின் பின்பக்கம் பார்த்தால் டைசைக்ளோமினோடு மெஃபனாமிக் அமிலம் (டைக்ளோஃபெனாக் வகை வலிநிவாரணி), இல்லையென்றால் பாராசிட்டமால். வயிற்றுப்புண்காரர் மெஃபனாமிக் அமிலத்தைப் 'பிடிப்பு மாத்திரை' என்று நம்பி விழுங்குகிறார். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டவர் இதிலும் அதையே இரட்டிப்பாக்குகிறார். இன்னொரு கூட்டில் கிளிடினியம் என்ற பிடிப்பு மருந்தோடு குளோர்டயசெபாக்சைடு, அதாவது பழக்கமாகிவிடக்கூடிய தூக்க மருந்து வகை. ஜீரணத்துக்கு என்று நினைத்து வருடக்கணக்கில் எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும்.

மாத்திரைப்பெட்டி:
இதில் உங்களோடு ஒரு வார்த்தை முரண்பாடும் இல்லை. அந்தக் கடைசிக் கூட்டு மாத்திரையைப் பல நாள் எடுத்தவர் தானாக நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

வாசல்திண்ணை:
எல்லாவற்றையும் படித்தேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், என்னுடையது தனி ட்ரோடாவெரின்தான். சந்தேகப்பேர்வழி சொன்னது உறைத்தது: போன தடவை மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே வலி போனது, அவ்வளவு சீக்கிரம் அது வேலை செய்திருக்க வாய்ப்பில்லை. இரண்டு கேள்வி மிச்சம். எந்த வலியை வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது? மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வலி இருந்தால், மாத்திரை போடாமல் போக வேண்டுமா, நோய் மறைந்துவிடும் என்கிறார்களே?

இரவுப்பணி:
ஆறு மணி நேரம் தாண்டியும் விடாத வலி. காய்ச்சல், குளிர் நடுக்கம். கண் மஞ்சள், சிறுநீர் அடர்நிறம், மலம் வெளிறிப்போவது. நிற்காத வாந்தி. மூச்சை ஆழமாக இழுத்தால் விலாவுக்குக் கீழே குத்தி மூச்சே நின்றுவிடுவது. வயிறு பலகைபோல் இறுகுவது. காய்ச்சல், மஞ்சள், வலி மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தநாளத்தில் கிருமித்தொற்று என்று 1877-லேயே ஷார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிவைத்தார். அது அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. மேல்வயிற்று வலி முதுகுக்கு நேராக ஊடுருவினால் கல் நழுவிக் கணையத்தைத் தொந்தரவு செய்கிறதா என்று பார்க்க வேண்டும். நடு மார்பையொட்டிய வலியோடு வியர்வை, மூச்சிரைப்பு என்றால் வயிறு என்று உட்கார்ந்திருக்காதீர்கள், மாரடைப்பும் மேல்வயிற்று வலியாக வரும்.

இரண்டாவதுக்கு: வலியைத் தாங்கிக்கொண்டு வர வேண்டாம். வலி குறைந்திருந்தால் நோய் தெரியாமல் போகும் என்பது பழைய நம்பிக்கை. வலியைக் குறைத்த பிறகும் மருத்துவரால் கண்டுபிடிக்க முடிகிறது என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. எதை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அறுவைக்கு வாய்ப்பு இருப்பதால் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
கற்கள் இருந்தும் வலியே வராதவர்கள்தான் அதிகம், அவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் வலி ஒருமுறை தொடங்கிவிட்டால் திரும்பத் திரும்ப வருகிற கூட்டத்தில் நீங்கள் சேர்ந்துவிட்டீர்கள். 1985-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் எரிக் மியூஹே சின்னத் துளைகள் வழியாகப் பித்தப்பையை எடுத்துக்காட்டிய பிறகு இந்த அறுவை முன்பிருந்த அளவு பெரிய விஷயமில்லை. வீங்கிச் சீழ்பிடித்த பிறகு எடுப்பதைவிட அமைதியாக இருக்கும்போது எடுப்பது அறுவை செய்பவருக்கும் சுலபம்.

வாசல்திண்ணை:
அடுத்த வாரம் அறுவை மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். அதுவரை ட்ரோடாவெரினோடு வலிநிவாரணி சேர்க்கலாமா என்று எழுதித் தந்தவரிடமே கேட்கிறேன். எனக்கு முன்பு வயிற்றுப்புண் இருந்தது, அதை இங்கே சொல்லவில்லை.

மாத்திரைப்பெட்டி:
அதைத்தான் அவரிடம் முதல் வரியாகச் சொல்ல வேண்டும். கேட்காமல் டைக்ளோஃபெனாக் வாங்கிவிடாதீர்கள்.

பாதிப்பசி:
நண்பரின் மெபெவெரினைத் திருப்பிக் கொடுத்தீர்களா இல்லையா? அவருக்குச் சாப்பாட்டு நேரம் ஆகியிருக்கும்.